தூங்க வைத்த விளக்கு

நாலு சிலிண்டரில் ஒன்று படுத்துவிட்டது. தாராபுரத்தை விட்டு வெளியே வந்து முதல் மேட்டில் வண்டி ஏறும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, காதுக்கு முன்னால் இடுப்புக்குத் தெரிந்தது, இந்தச் சீட்டுக்கடியில் ஒரு உதறல், நின்று, மறுபடி ஒரு உதறல், பின்சீட்டில் சிந்துஜாவின் கண்ணாடி வளையல்கள் அதற்கேற்றபடி சலசலக்கின்றன, முழங்கை வரைக்கும் அடுக்கிவிட்டிருக்கிறார்கள், காலையிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கு இரண்டாகப் போட்டுவிட்டார்கள், ஒரு கையில் சிவப்பும் பச்சையும், இன்னொரு கையில் பச்சையும் சிவப்பும். என் மகள் தூங்குகிறாள் என்று நினைக்கிறேன். ஏழு மாதம். கட்டுச்சோறு விருந்து முடிந்து அவளை எங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறோம், ஈரோட்டுக்கு, பிரசவம் வரைக்கும். சொந்தக்காரர்களோடு என் சம்சாரம் வேனில் முன்னால் போய்விட்டாள், பிள்ளைத்தாச்சி வேன் குலுக்கலில் வரவேண்டாம், காரில் அலுங்காமல் வரட்டும் என்று ஏற்பாடு. அலுங்காமல். என் மடியில் புளிச்சோறு கொண்டுபோன போசி, காலியாக. மாப்பிள்ளை லோகநாதன் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பரீட்சை எழுதுகிறவர் மாதிரி ஓட்டுகிறார். அவருக்கு முன்னால் இருக்கிற டயல்களை ஓரக்கண்ணால் பார்க்கிறேன். வேக முள், பெட்ரோல் முள், எஞ்சின் சூடு காட்டுகிற முள், எல்லாம் அதனதன் இடத்தில். கீழ் ஓரத்தில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு ஒன்று உண்டு. அது இப்போது விட்டு விட்டு மினுக்கிக்கொண்டிருக்க வேண்டும். அந்த இடம் இருட்டாக இருக்கிறது. அதை நான்தான் அணைத்து வைத்தேன், நாலு மாதத்துக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், வாங்கி வைத்த டீ ஆறுவதற்குள்.

அந்த விளக்குக்கு இரண்டு பேச்சு உண்டு. நின்று எரிந்தால் எஞ்சினில் எங்கோ சின்னக் கோளாறு, அவசரமில்லை, மெதுவாகப் போய் யாரிடமாவது காட்டு என்று அர்த்தம். பெட்ரோல் மூடியைச் சரியாகத் திருகாவிட்டால்கூட அப்படி எரியும். மினுக்கினால் கதையே வேறு. ஓரங்கட்டு, எஞ்சினை அணை, இறங்கு. ஒரு சிலிண்டரில் பொறி விழவில்லை, உள்ளே போன பெட்ரோல் எரியாமல் அப்படியே வெளியே போகிறது, சைலன்சருக்கு முன்னால் புகையைச் சுத்தம் பண்ணுகிற உருண்டை ஒன்று இருக்கிறதே, அங்கே போய்ச் சேர்ந்து எரிகிறது, எரிய எரிய அந்த உருண்டை கொல்லன் உலையில் வைத்த இரும்பாகச் சிவக்கிறது, அதற்கு மேலே தகரம், தகரத்துக்கு மேலே மெத்தை விரிப்பு, விரிப்பின் மேல் மனுஷன் கால். இதெல்லாம் எனக்குப் பாடம். முப்பது வருஷமாக வண்டி ஒயரிங்தான் பார்க்கிறேன், ஒயர்மேன் சென்னியப்பன் என்றால் எங்கள் பக்கம் தெரியாதவர்கள் கிடையாது. பழைய கார் வாங்கி விற்கிற துரைராஜின் இடத்தில் நாள் பாதி கழியும். வருகிற வண்டியில் மஞ்சள் விளக்கு எரிந்தால் வாங்குகிறவன் பயந்து ஓடிவிடுவான். கோளாறைச் சரிபண்ண நாளாகும். விளக்கைச் சரிபண்ண அரைமணி. தூங்க வைக்கிறது என்று அதற்கு எங்களுக்குள் பேர். "சென்னி, அந்த வெள்ளைய ஒரு தூக்கம் போட்டு உடு" என்பான் துரைராஜ், தொட்டிலை ஆட்டச் சொல்கிறவன் மாதிரி. கத்துக்குட்டிகள் பல்பைப் பிடுங்கிப் போடுவார்கள். சாவி போட்டவுடன் எல்லா விளக்கும் ஒரு தரம் எரிந்து அணைய வேண்டும், விவரமானவன் அதைத்தான் பார்ப்பான், பல்பில்லாத இடம் பல்லில்லாத வாய் மாதிரி காட்டிக்கொடுத்துவிடும். நான் டயல் பெட்டியைக் கழற்றி, மஞ்சள் விளக்கின் ஒயர்க் காலை அதன் பாதையிலிருந்து வெட்டி, பேட்டரி விளக்கின் பாதையில் கொண்டுபோய்ப் பற்றவைப்பேன். சாவி போட்டால் இரண்டும் சேர்ந்து எரியும், எஞ்சின் ஓடினால் இரண்டும் சேர்ந்து அணையும். அதற்கப்புறம் எஞ்சின் செத்தாலும் அது வாய் திறக்காது. இந்த வேலையை இவ்வளவு சுத்தமாகச் செய்ய நாலு ஜில்லாவில் ஆள் கிடையாது என்று துரைராஜ் சொல்வான். எனக்கு அதில் பெருமைதான், இல்லை என்று சொல்லமாட்டேன்.

இப்போது உதறல் அடுத்தடுத்து வருகிறது. வளையல் சத்தத்தை எண்ணலாம் போலிருக்கிறது. தூரத்தில் ஊதியூர் மலை வெயிலில் வெளுத்துக் கிடக்கிறது, ரோட்டுக்கு இரண்டு பக்கமும் கிளுவை வேலி, வேலிக்குள் ஆடுமாடு மேய விட்ட கொறங்காடு, காய்ந்த கொழுக்கட்டைப் புல், மே மாசத்துப் புல், பீடித் துண்டு ஒன்று போதும். ஒரு வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை இந்த வண்டியை எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார், மூன்று மாதத்துக்கு முன்னால், முன்னாலே ரோஜா மாலை, நாலு டயருக்கடியிலும் எலுமிச்சம்பழம், சிந்துஜா இறங்கி வந்து என் கையைப் பிடித்து இழுத்தாள், "அப்பா, நம்ம காருங்கப்பா!" நான் முதலில் பின் கண்ணாடியைப் பார்த்தேன். ஸ்டிக்கர் சுரண்டிய தழும்பு, துரைராஜ் இடத்தில் நான் தூங்க வைத்த வெள்ளையில் இருந்தது மாதிரியே. வெள்ளையில் ஆயிரம் வண்டி இருக்கிறது, ஸ்டிக்கர் சுரண்டிய தழும்பும் ஆயிரம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு கதவைத் திறந்து குனிந்து பார்த்தால் டயல் பெட்டியின் இடது மூலையில் பித்தளைத் திருகாணி. விளக்கை அணைத்த அன்றைக்கு ஒரு திருகாணி உருண்டு எங்கேயோ போய்விட்டது, டப்பாவில் கைக்குக் கிடைத்த பித்தளையைப் போட்டு முறுக்கினேன். "துரைராஜ் அண்ணங்கிட்டத்தானுங்க மாமா எடுத்தேன்," என்றார் மாப்பிள்ளை, முகமெல்லாம் சிரிப்பு. "உங்க பேரச் சொன்னனுங்க. சென்னியப்பன் கை பட்ட வண்டி, யோசிக்காம எடுங்கன்னாருங்க. உங்ககிட்டச் சொல்லாம எடுத்து ஒரு ஆச்சரியமாக் கொண்டாந்து நிறுத்தோணும்னுதானுங்க." ஆச்சரியமாகத்தான் இருந்தது. தேங்காயை என் கையில் கொடுத்தார்கள், உடைத்தேன், இரண்டு மூடியும் சமமாக விழுந்தது, நல்ல சகுனம் என்று எல்லோரும் சொன்னார்கள். அந்த நிமிஷம் சொல்லியிருக்கலாம். மாப்ள, இந்த வண்டி வேண்டாமுங்க, ஐந்து வார்த்தைகூட ஆகாது. மாலை போட்ட வண்டிக்கு முன்னால் நின்று எப்படிச் சொல்வது, சாயங்காலம் சொல்லலாம் என்று விட்டேன். சாயங்காலம் அவர்கள் சினிமாவுக்குப் போய்விட்டார்கள்.

அப்புறம் நான்தான் சரிபண்ணிவிடலாம் என்று இருந்தேன். யாருக்கும் தெரியாமல். அடுத்த தடவை வரும்போது ஒரு மணி நேரம் சாவியை வாங்கி, பொறி கொடுக்கிற காயிலை மாற்றி, டயலைத் திறந்து, வெட்டிய இடத்தைச் சேர்த்து, காலை அதன் பாதையில் வைத்துப் பற்றவைத்து, பித்தளையைக்கூட மாற்றிவிட்டு. அடுத்த தடவை வந்தார்கள். சாவியை வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். பையில் ஸ்குரூட்ரைவரும் இருந்தது. சிந்துஜா காபி எடுத்துக்கொண்டு வந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்துவிட்டாள், அவளுக்கு அப்போது நாலு மாதம் முடிந்திருந்தது, உள்ளே ஏதோ மீன் துள்ளுகிற மாதிரி இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்வதற்கு முன்னால் என்னிடம் சொன்னாள். காபி குடித்தேன். ஸ்குரூட்ரைவர் பையிலேயே இருந்தது. அதற்கு அடுத்த தடவை மழை. அதற்கு அடுத்த தடவை என்ன என்று ஞாபகமில்லை. வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது என்று ஒரு நினைப்பு வரும், வந்தால் போதும், அதைக் கட்டிக்கொண்டு தூங்கிவிடலாம். பயமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. முதல் வாரம் மட்டும் உறுத்தியது, பிறகு அதுவும் பழகிப்போய், சம்மணம் போட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்த கால் மாதிரி அந்த இடமே மரத்துவிட்டது. இப்போதும் அப்படித்தான் இருக்கிறது. இன்றைக்குக் காலையில் எல்லோருக்கும் முன்னால் சம்பந்தியம்மா என்னை, "எங்க வீட்டுக்கு ஒயருக்கு ஒயரு பாத்துப் பாத்து வண்டி குடுத்த மனுசன்" என்றார்கள். நான் அவர்களுக்கு இன்னும் கொஞ்சம் தயிர்சோறு போட்டேன்.

"மாமா, வண்டி ஏனோ இழுக்க மாட்டீங்குதுங்க" என்கிறார் லோகநாதன். குரலைத் தாழ்த்தி, பின்னால் இருப்பவள் விழித்துவிடக் கூடாதென்று. என் வாய் தயாராக இருந்தது போல உடனே சொல்கிறது, "ஏசி போட்டா அப்புடித்தானுங்க மாப்ள. கொறச்சு வெய்ங்க." ஏசியைக் குறைக்கிறார். "அப்பறம் அழுத்தாமப் போங்க, நாப்பது அம்பதுல." நாற்பதில் போகிறார். நான் சொல்வதை அப்படியே கேட்கிற மனிதர். தாராபுரத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறார், மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கிற பொடி எழுத்துக் காகிதத்தை முழுசாகப் படிக்கிற ஆள் இந்த உலகத்தில் அவர் ஒருத்தர்தான். இந்த வண்டியின் புத்தகத்தையும் அப்படித்தான் படித்திருக்கிறார். "லைட்டு எதுவும் வரலீங்களே" என்கிறார் இப்போது, டயலைக் காட்டி. "புக்குல தெளிவாப் போட்டிருக்குதுங்க மாமா. எஞ்சின் லைட்டு நின்னு எரிஞ்சா மெதுவாப் போலாம். மினுக்குனா ஒடனே நிறுத்தோணும், ஒரு கிலோமீட்டரு கூடப் போகக்கூடாது. எரியவே இல்லைன்னா எஞ்சினுக்கு ஒண்ணுமில்ல. டயருல காத்துக் கம்மியா இருக்குமோ?" டயரில் காற்று. "இருக்குமுங்க" என்கிறேன். இருக்குமுங்க. யார் பேசியது இது. என் மகன் வயசு, என் பேரப்பிள்ளைக்குத் தகப்பன், விளக்கை நம்பி ஓட்டிக்கொண்டிருக்கிறார், நான் பக்கத்தில் உட்கார்ந்து டயரில் காற்றுக் குறைவு என்கிறேன். நாற்பதில் மெதுவாகப் போவது நின்று எரிகிற விளக்குக்கு வைத்தியம். மினுக்குகிறதுக்கு அது வைத்தியமே அல்ல. எனக்கு அது தெரியும். தெரிந்ததை ஒரு பக்கம் வைத்துவிட்டு வாய் தன் பாட்டுக்கு வேறு பேசுகிறது, மூன்று மாதமாக அதற்கு நல்ல பழக்கம்.

சத்தம் சரியில்லை, நிறுத்துங்க என்று மட்டும் சொன்னால் என்ன. ஒயர்மேன் சொன்னால் நம்பாமலா போவார். நிறுத்துவார். யாரையாவது கூப்பிடுவார், கம்பெனி சர்வீசுக்கு எடுத்துப்போவார்கள், அங்கே கம்ப்யூட்டரைச் செருகினால் ஐந்து நிமிஷத்தில் எல்லாம் வந்துவிடும், ஏனுங்க இத்தனை நாளா லைட்டு எரியலீங்களா என்று கேட்பான், டயலைத் திறப்பான், என் பற்றவைப்பைப் பார்ப்பான், தெரிந்த கைக்கு அது கையெழுத்துப் போட்டது மாதிரி. சரி, காங்கேயம் போய்விட்டால். காங்கேயத்தில் எனக்குத் தெரிந்த பட்டறை ஒன்று இருக்கிறது, டீ குடிக்கலாம் என்று இவர்களை ஒரு கடையில் உட்காரவைத்துவிட்டு, காயிலை மட்டும் மாற்றிவிட்டால். இன்னும் பதினெட்டு கிலோமீட்டர். பதினெட்டு தாங்குமா. தாங்கும். தாங்காது. போன வருஷம் ஒரு வண்டி தாங்கியது. அது காலி வண்டி. சம்பந்தியம்மா வேப்பங்கொத்தை சிந்துஜாவின் கையில் கொடுத்து வாசலில் நின்று சொன்னார்கள், வயிற்றுப் பிள்ளைக்காரி, தலை நிறையப் பூ, கை நிறைய வளையல், உச்சி வெயில், வழியில் எங்கேயும் நிறுத்த வேண்டாம், காட்டுக்குள் இறக்க வேண்டாம், நேராக வீட்டில் போய்த்தான் இறங்க வேண்டும். நான் தலையாட்டினேன். அதைப் பிடித்துக்கொள்கிறேன் இப்போது. பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள், நிறுத்தக் கூடாது. எனக்கு இந்தச் சாஸ்திரத்தில் எல்லாம் ஒரு நாளும் நம்பிக்கை கிடையாது, இன்றைக்குப் பார்த்து வந்திருக்கிறது. என்னை நினைத்தால் எனக்கே சிரிப்பு வரவேண்டும், வரவில்லை, கோபமும் வரவில்லை, போசியின் விளிம்பில் ஒட்டியிருந்த கடுகு ஒன்றை நகத்தால் சுரண்டிக்கொண்டிருக்கிறேன். பதினேழு.

வாசம் வந்துவிட்டது. அழுகின முட்டை வாசம். உருண்டை பழுக்க ஆரம்பித்தால் முதலில் வருவது அதுதான். மாப்பிள்ளை மூக்கைச் சுளிக்கிறார், கண்ணாடியை இறக்குகிறார், மறுபடி ஏற்றுகிறார். "கோழிப்பண்ணை இருக்குமுங்க பக்கத்துல." இருக்குமுங்க, என்கிறேன். இந்த ரோட்டில் கோழிப்பண்ணைக்கு என்ன குறைச்சல். பின்னால் வளையல் சத்தம் மாறுகிறது, உதறலோடு சேராத சத்தம், அவள் விழித்துவிட்டாள். "அப்பா, என்னுங்கப்பா வாசம் இது? கொடலைப் பொரட்டுது." "கோழிப்பண்ணை கண்ணு. தாண்டிருவோம்." "தண்ணி இருக்குங்களா?" பாட்டிலைப் பின்னால் நீட்டுகிறேன், அவள் விரல் என் விரலில் படுகிறது, எனக்குச் சரியாகத் தெரியவில்லை, வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஈயம் பற்றவைத்துப் பற்றவைத்துச் சுரணை போய்ப் பல வருஷம் ஆகிறது, கொதிக்கிற டம்ளரைக்கூட நான் துணியில்லாமல் எடுப்பேன், சிறுபிள்ளையில் இவள் அதைப் பார்த்து எங்கப்பாவுக்குச் சுடாது என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தாள். எங்கப்பாவுக்குச் சுடாது. கண்ணாடியில் அவள் முகம் பாதி தெரிகிறது, நெற்றியில் சந்தனம் காய்ந்து வெடித்திருக்கிறது, கன்னத்தில் யாரோ பூசிவிட்ட மஞ்சள். தண்ணீர் குடிக்கிறாள். ஒரு கையை வயிற்றின் மேல் வைத்திருக்கிறாள், அந்தக் கை உதறலுக்கு உதறல் குலுங்குகிறது, உள்ளே இருப்பதற்கும் இந்த உதறல் தெரியுமா. தெரியும். டாக்டர் சொன்னாராம், ஏழாம் மாதத்தில் சத்தம் எல்லாம் கேட்குமாம். அப்படியானால் நான் கோழிப்பண்ணை என்று சொன்னதும் கேட்டிருக்கும்.

பதினாலு. வேகம் முப்பத்தைந்துக்கு வந்துவிட்டது, மாப்பிள்ளை அழுத்துகிறார், வண்டி இருமுகிறது, பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்துவிட்டுத் தாண்டிப் போகிறது. காங்கேயம். காங்கேயம் போய்விட்டால். நான் சொல்ல வேண்டியதை வேறு யாரோ வந்து சொல்வார் என்கிற மாதிரி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அப்போது சிந்துஜா, ரொம்பச் சாதாரணமாக, தூக்கக் குரலில், "ஏனுங்கப்பா, கீழ சுடுது" என்கிறாள். கால் வீங்குகிறது என்று செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலைக் கீழே வைத்திருந்திருக்கிறாள். "எங்க கண்ணு?" "இங்கதான். நடுவுல மேடா இருக்குதுல்லங்க, அதும் பக்கத்துல. கால வெக்க முடியல." நான் குனிகிறேன். போசி உருண்டு விழுகிறது. சீட்டுகளுக்கு நடுவே கையை விட்டு விரிப்பைத் தொடுகிறேன், இடது கை, சுரணை இருக்கிற கை. சுடுகிறது. விரிப்பு சுடவே கூடாது. அந்தச் சூடு கை வழியாக ஏறி எங்கேயோ போய்த் தொட்டது, மூன்று மாதத்தில் முதல் தடவையாக எனக்குப் பயம் வந்தது, வந்த பயம் கொஞ்சநஞ்சமல்ல, வாய் திறந்தால் கத்தலாக வந்தது. "நிறுத்துங்க! மாப்ள, நிறுத்துங்க!" அவர் திடுக்கிட்டு இடது பக்கம் ஒடிக்கிறார், வேலியோரம், நிழலுக்காக, நல்ல மனசு, அங்கே முழங்கால் உயரத்துக்குக் காய்ந்த புல். "புல்லு மேல வேண்டாம்! சாமி, புல்லு மேல வேண்டாம்!" நான் ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பிவிட்டேன். வண்டி குதித்து, இருமி, கொஞ்ச தூரத்தில் ஒரு லாரி எடைமேடைக்கு முன்னால் இருந்த வெறும் மண்ணில் போய் நின்றது. இறங்கி, அவள் பக்கத்துக் கதவைத் திறந்து, இரண்டு கையையும் பிடித்து இறக்கினேன், நாலைந்து வளையல் உடைந்தது. வெறுங்காலோடு மண்ணில் நின்றாள், மண்ணும் சுட்டது. மாப்பிள்ளை ஓடிப்போய் அவள் செருப்பை எடுத்துக்கொண்டு வந்து போட்டுவிட்டார்.

எடைமேடைக் கொட்டகையின் நிழலில் அவளை ஒரு கல்லில் உட்காரவைத்தோம். வண்டிக்கடியில் குனிந்து பார்த்தேன். பட்டப்பகலில், அந்த வெயிலில், உருண்டை சிவப்பாகத் தெரிந்தது. லோகநாதனும் என் பக்கத்தில் குனிந்து பார்த்தார். பொடி எழுத்தைப் படிக்கிற மாதிரி ரொம்ப நேரம் பார்த்தார். நிமிர்ந்து, கையைத் தட்டிக்கொண்டு, வேனுக்குப் போன் போட்டுத் திரும்பி வரச் சொன்னார், ஒண்ணுமில்லீங்க, பயப்படாதீங்க, வண்டி மக்கர் என்று என் சம்சாரத்திடம் தன்மையாகச் சொன்னார். அப்புறம் என்னைப் பார்த்தார். "லைட்டு வரவே இல்லீங்களே மாமா" என்றார். அது கேள்விகூட அல்ல. ஒரு புத்தகம் தப்பாக எழுதியிருக்கிறதே என்கிற வருத்தம். "வராதுங்க மாப்ள" என்றேன். "வராதுன்னா?" "அது வராத மாதிரி நாந்தான் ஒயரை மாத்தி வெச்சேன். துரைராஜ் சொன்னான், செஞ்சேன். உங்களுக்கு விக்கறான்னு அப்பத் தெரியாதுங்க." சொல்லிவிட்டேன். மூன்று மாதமாகத் தூக்கிக்கொண்டு திரிந்தது இவ்வளவுதான், மூச்சு விடுகிற நேரம்கூட ஆகவில்லை. அவர் அதை உள்ளே வாங்கிக்கொள்வதை நான் பார்த்தேன். "வாசல்ல கொண்டாந்து நிறுத்துன அன்னைக்கு?" என்று கேட்டார். "அன்னைக்குத் தெரியுமுங்க." அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் காலில் விழுந்திருப்பேன், அதற்கும் வழியில்லை. வண்டியைப் பார்த்துக்கொண்டே, "மூணு மாசமா இதுலதானுங்க இவளச் செக்கப்புக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றார். மாமா என்கிற வார்த்தை அதில் இல்லை என்பதை நான் அந்த நேரத்திலும் கவனித்தேன்.

சிந்துஜா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். உடைந்த வளையலில் ஒரு கீறல், மணிக்கட்டில் பொட்டு ரத்தம், அதை முந்தானையால் ஒற்றிக்கொண்டிருந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். உங்களுக்கு எப்படிங்கப்பா மனசு வந்தது என்று கேட்பாள், அதற்கு என்னிடம் பதில் இருந்தது, துரைராஜ், மாலை, மழை, காபி, எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லி, கடைசியில் இப்போது நிறுத்தினேனே கண்ணு, நான்தானே கத்தினேன் என்று முடிக்கலாம் என்றுகூட மனசுக்குள் ஒரு கணக்கு ஓடியது. அவள் நிமிர்ந்து பார்த்து, "எத்தன வண்டிங்கப்பா?" என்றாள். எனக்குப் புரியவில்லை. "எது கண்ணு?" "இந்த மாதிரி. நீங்க செஞ்சது. எத்தன வண்டி?" சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் வரைக்கும் இன்னொரு வண்டியில் யார் உட்காருகிறார்கள் என்ற நினைப்பு எனக்கு வந்ததில்லை. மூன்று மாதமாக இந்த ஒரு வண்டி, இந்த ஒரு விளக்கு, இந்த ஒரு பித்தளைத் திருகாணி, இதற்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தேன். இது என் மகள் உட்காரும் வண்டி, அதனால். வாயைத் திறந்து ஒரு எண் சொல்லப் பார்த்தேன். வாரத்துக்கு ஒன்று. சில வாரம் இரண்டு. எந்த வருஷத்திலிருந்து ஆரம்பித்தோம், இவள் காலேஜில் சேர்ந்த வருஷமா, அதற்கு முந்தியா. நிறம் ஞாபகம் வருகிறது. ஒரு பச்சை, அதன் பின்சீட்டில் பிஸ்கட் தூள் சிந்திக் கிடந்தது. ஒரு நீலம், தாயத்து கட்டியிருந்தார்கள். பள்ளிக்கூடப் பேர் எழுதிய வேன் ஒன்று, பேரை அழித்துவிட்டு விற்றானா, அப்படியே விற்றானா. வாங்கின முகம் ஒன்றுகூட எனக்குத் தெரியாது, பார்த்ததில்லை, நான் வேலை முடிந்ததும் கை கழுவிக்கொண்டு வந்துவிடுவேன். அவள் பதிலுக்காகக் காத்திருந்தாள். நான் எண்ணிக்கொண்டே நின்றேன். முன்னால் போன சொந்தக்காரர்கள் வேன் திரும்பி வந்துவிட்டது.

ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி என் சம்சாரம் தெய்வானை, "ஏனுங்க, வண்டிக்கு என்னாச்சு? நீங்க பாத்த வண்டியாச்சே!" என்று கத்தினாள். லோகநாதன் சிந்துஜாவைக் கைத்தாங்கலாக ஏற்றினார். அவள் படியில் கால் வைக்கும்போது திரும்பி என்னைப் பார்த்தாள், வைதிருந்தால் தேவலை, அந்தப் பார்வை இன்னும் அதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. வண்டிகிட்ட ஒரு ஆள் வேணும், நீங்க போங்க, நான் பின்னால வரேன் என்றேன். வேண்டாம் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. மாப்பிள்ளை சாவியை என் கையில் கொடுக்கவில்லை, பானட்டின் மேல் வைத்துவிட்டுப் போனார். வேன் போய் ரொம்ப நேரமாகிறது. உருண்டை ஆறுகிற சத்தம் டிக் டிக்கென்று கேட்டு, இப்போது அதுவும் நின்றுவிட்டது. நான் எடைமேடையை விட்டு ரோட்டோரம் வந்து நிற்கிறேன், எதற்கு என்று தெரியவில்லை, கொட்டகையில் நிழல் இருக்கிறது, நான் வெயிலில் நிற்கிறேன். வண்டிகள் போகின்றன, வருகின்றன. வெள்ளிநிறக் கார் ஒன்று வருகிறது, பழசு, முன்னால் ஓட்டுகிறவன், பின்னால் இரண்டு குழந்தைகள், ஒன்று ஜன்னலில் கன்னத்தை ஒட்டவைத்திருக்கிறது. அவனுக்கு முன்னால் எல்லா விளக்கும் அணைந்துதான் இருக்கும், நிம்மதியாக ஓட்டுவான். கையைத் தூக்குகிறேன். இந்த ஆள் லிஃப்ட் கேட்கிறான் என்று நினைத்திருப்பான், ஹாரன் அடித்துவிட்டுப் போய்விடுகிறான். அடுத்து ஒரு சிவப்பு வருகிறது. கையைத் தூக்குகிறேன். நிறுத்தினால் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.